வெட்டிய மின்னோட்டம் எங்கே போகும்?

முன்னுரை

ஓட்டத்தைத் தொடங்குவது எளிது. ஓடுவதை நிறுத்துவதற்குத்தான் திறமை வேண்டும். நெல்மூட்டை ஏற்றிய வண்டியைக் காளைகள் மெல்ல மெல்ல இழுத்து வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. அதே வண்டி இறக்கத்தில் ஓடும்போது ஒரே நொடியில் நிறுத்த முற்பட்டால் நுகத்தடி முறியும். மாடுகளின் கழுத்தும் புண்படும். மாடியிலுள்ள தொட்டியிலிருந்து நீர் விரைந்து இறங்கும்போது குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் குழாய் அதிர்ந்து ஒலிப்பதைக் கேட்கலாம். ஓடிய நீரின் வேகம் போக்கிடமின்றிக் குழாயின் மீதே மோதுகின்றது. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் இயல்பும் இதுவேயாகும்.

மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் கண்காட்சியில் வைக்கும் படைப்புகளைக் கண்டவர்கள் ஒரு நிகழ்வை அறிந்திருப்பர். தொட்டி நிரம்பியதும் நீரேற்றும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி அது என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் இரவு குறையின்றி இயங்கியது, மறுநாள் பார்வையாளர் முன்னிலையில் சிலமுறை 'டிக், டிக்' என்று ஒலித்துவிட்டு அடங்கிவிடுகிறது. அல்லது, ரிலே விடுபடும் ஒவ்வொரு முறையும் நுண்கட்டுப்படுத்தி செய்துகொண்டிருந்த வேலையை மறந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. மாணவர் நிரலை வரிவரியாகச் சோதிக்கிறார். பிழை அங்கே அகப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு மதிப்பெண் இழந்து போகிறது. பல வேளைகளில் காரணம் மிகச் சிறியது: தொகுப்புச் சுற்றின் ஒரு கால் எதனுடனும் இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். அந்த ஒரு கால் எதற்காக அமைக்கப்பட்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்தூண்டல் சுமை என்பது யாது?

மின்சுற்றில் வேலை செய்யும் பகுதியைச் 'சுமை' என்பர். கம்பிச்சுருளைக் கொண்டு இயங்கும் சுமைகள் அனைத்தும் மின்தூண்டல் சுமைகளே. ரிலே, மின்காந்தப் பூட்டு, தண்ணீரைத் திறந்துமூடும் மின்வால்வு, மோட்டார், புள்ளி அச்சுப்பொறியில் ஊசிகளை இயக்கும் சிறு காந்தங்கள் ஆகியவை இவ்வகையின.

கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகிறது. அப்புலத்தில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. மின்னோட்டம் மாறும்போது புலமும் மாறுகிறது. மாறும் புலம் அச்சுருளிலேயே ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இதனைத் தன்மின்தூண்டல் என்கிறோம். மின்காந்தத் தூண்டலை இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி அதனைத் தனித்தே கண்டதோடு, நீண்ட கம்பிச்சுருளின் இணைப்பைத் துண்டிக்கும் கணத்தில் தீப்பொறி எழுவதையும் 1832இல் வெளியிட்டார். மின்தூண்டல் எண்ணின் அலகுக்கு 'ஹென்றி' என்று பெயரிடப்பட்டது அவருடைய நினைவாகவே. தூண்டப்படும் மின்னழுத்தம் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் என்ற விதியை 1834இல் லென்ஸ் வகுத்தார்.

இவ்விதியின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் கூடினால் சுருள் அதனைத் தடுக்க முயலும். குறைந்தால் குறையவிடாமல் தாங்க முயலும். திடீரென நிறுத்த முற்பட்டால், எப்பாடுபட்டேனும் அதே திசையில் ஓட்டத்தைத் தொடரச் செய்யும். அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் தேவையோ அவ்வளவையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட்டில் இயங்கும் சிறு ரிலே ஒன்றின் சுருளுக்கு மின்தடை 400 ஓம். ஆகவே மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர். அதன் மின்தூண்டல் எண் அரை ஹென்றி என்று கொள்வோம். மின்னோட்டம் மாறும் வேகத்தை மின்தூண்டல் எண்ணால் பெருக்கினால் தூண்டப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். அந்த 30 மில்லி ஆம்பியரை ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் கணக்கின்படி எழும் மின்னழுத்தம் 1500 வோல்ட்! சுருளில் சேமிக்கப்பட்ட ஆற்றலோ கால் மில்லி ஜூலுக்கும் குறைவு. ஆற்றல் சிறிது, ஆனால் அது பாயும் இடம் மணலினும் சிறிய டிரான்சிஸ்டர் சந்தி என்பதை மறத்தலாகாது.

இந்தச் சீற்றம் நமக்குப் புதியதன்று. எல்.இ.டி. விளக்குகள் பரவுவதற்கு முன் வீடுதோறும் இருந்த டியூப் லைட்டில் சோக் என்னும் சுருளும் ஸ்டார்ட்டர் என்னும் சிறு குமிழும் இருந்தன. ஸ்டார்ட்டர் தன் இணைப்பைத் துண்டிக்கும் கணத்தில் சோக்கில் எழும் உயர்ந்த மின்னழுத்தமே குழலுக்குள் ஒளியை மூட்டியது. பெட்ரோல் வாகனத்தில் 12 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு, பல்லாயிரம் வோல்ட்டில் ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுப்புவதும் இம்முறையாலேதான். வேண்டிய இடத்தில் இது பயன். வேண்டாத இடத்தில் அழிவு.

ஆற்றல் பெருக்கும் இடையாள்

நுண்கட்டுப்படுத்தியின் ஒரு கால் பொதுவாக 20 மில்லி ஆம்பியர் அளவே தாங்கும். அதன் மின்னழுத்தமோ 5 அல்லது 3.3 வோல்ட். ரிலேயின் சுருள் கேட்பது 12 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர்; மின்வால்வு கேட்பது 24 வோல்ட்டில் அதனினும் பலமடங்கு. எனவே, கட்டளை இடுபவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவே ஓர் இடையாள் தேவைப்படுகிறார். அவரே டிரான்சிஸ்டர்.

டிரான்சிஸ்டரின் அடிவாய்க்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தால் ஏற்பானிலிருந்து உமிழ்ப்பானுக்குப் பெரு மின்னோட்டம் பாயும். மதகின் திருகைச் சிறுவன் ஒருவன் திருப்ப, ஏரிநீர் வாய்க்காலில் பாய்வது போன்றது இது. ஆனால் ஒரு டிரான்சிஸ்டரின் பெருக்கம் பெரும்பாலும் நூறு அளவில் நின்றுவிடும். அரை ஆம்பியரை இயக்க 5 மில்லி ஆம்பியராவது தேவைப்படும். ஏழெட்டுச் சுமைகளை ஒரே நேரத்தில் இயக்க வேண்டுமாயின் கட்டுப்படுத்தி தளர்ந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிட்னி டார்லிங்டன் ஆவார். முதல் டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பானை இரண்டாவதன் அடிவாயில் இணைத்து, இரண்டன் ஏற்பான்களையும் ஒன்று சேர்த்தார். முதலாவது பெருக்கியதை இரண்டாவது மீண்டும் பெருக்குகிறது. ஆயிரம் மடங்கு பெருக்கம் எளிதாகக் கைகூடுகிறது. இவ்வமைப்புக்கு 1953ஆம் ஆண்டு அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் அது 'டார்லிங்டன் இணை' என்றே வழங்கப்படுகிறது.

ஒரு கூரையின்கீழ் ஏழு குடும்பங்கள்

இத்தகைய இணைகள் ஏழினை ஒரே சிலிக்கன் சில்லில் அடக்கியதே டிரான்சிஸ்டர் அணி. ஸ்ப்ரேக் என்னும் அமெரிக்க நிறுவனம் அறிமுகப்படுத்திய யூ.எல்.என். வரிசை இதில் புகழ்பெற்றது; பின்னர்ப் பல நிறுவனங்களும் அதனைச் செய்தன. அவற்றுள் நம் மாணவர்கள் கையில் மிகுதியும் தவழ்வது யூ.எல்.என். 2003 ஆகும்.

பதினாறு கால்கள் கொண்ட இத்தொகுப்புச் சுற்றின் அமைப்பு நினைவில் கொள்ள எளிது. 1 முதல் 7 வரை உள்ளீடுகள். 8ஆம் கால் எல்லா உமிழ்ப்பான்களுக்கும் பொதுவான தரைமுனை. 16 முதல் 10 வரை, உள்ளீடுகளுக்கு நேரெதிராக, வெளியீடுகள். எஞ்சியிருப்பது 9ஆம் கால். அதனைப் பின்னர்க் காண்போம். ஒவ்வொரு வெளியீடும் 50 வோல்ட் வரையும் 500 மில்லி ஆம்பியர் வரையும் தாங்கும். உள்ளீடு ஒவ்வொன்றிலும் 2700 ஓம் மின்தடை உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதால், 5 வோல்ட் கட்டுப்படுத்தியின் காலை நேரடியாக இணைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியரே அதற்குச் செலவாகும். எட்டுச் சுமைகள் வேண்டுவோருக்கு யூ.எல்.என். 2803 என்னும் பதினெட்டுக்கால் உறவினர் உண்டு.

ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். இவ்வணி மின்னோட்டத்தை வெளியே தள்ளுவதில்லை, தரைக்கு இழுத்துக்கொள்கிறது. ஆகவே சுருளின் ஒரு முனையை மின்வழங்கியின் நேர்முனையிலும், மறுமுனையை அணியின் வெளியீட்டிலும் இணைக்க வேண்டும். உள்ளீடு உயர்ந்தால் வெளியீடு தாழ்ந்து சுருளில் மின்னோட்டம் பாயும். உள்ளீடு தாழ்ந்தால் பாதை மூடப்படும். அக்கணத்தில்தான் நம் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது.

ஒன்பதாம் காலின் கடமை

பாதை மூடப்பட்டபோதும் சுருள் தன் ஓட்டத்தைத் தொடர முயல்கிறது. போக்கிடம் இல்லை. வெளியீட்டு முனையின் மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து எழுந்து, 50ஐக் கடந்து, டிரான்சிஸ்டர் முறியும் எல்லை வரை ஏறுகிறது. அங்கே அதன் தடுப்பு உடைந்து, சேமித்த ஆற்றல் முழுவதும் அதன் வழியே பாய்கிறது. ஒரு முறையில் அது இறந்துபடாமல் இருக்கலாம். நூறாவது முறையோ ஆயிரமாவது முறையோ அதன் முடிவு வரும். இதற்கிடையில், விரைந்து எழுந்து விழும் அம்மின்னழுத்தம் அண்டையிலுள்ள கம்பிகளில் இரைச்சலைத் தூண்டி நுண்கட்டுப்படுத்தியைத் தடுமாறச் செய்கிறது. முதல்நாள் இயங்கிய கருவி மறுநாள் நின்றதன் காரணம் இப்போது விளங்கும்.

இதனைத் தடுக்கவே அணியை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டையோடைச் சில்லுக்குள்ளேயே வைத்தனர். டையோடு ஒருவழிப் பாதை. அதன் நேர்வாய் வெளியீட்டிலும் எதிர்வாய் 9ஆம் காலிலும் உள்ளன. ஏழு டையோடுகளின் எதிர்வாய்களும் அக்காலில் ஒன்றுகூடுவதால் அது 'பொதுக்கால்' எனப்படுகிறது. இப்பொதுக்காலைச் சுருள்களுக்கு மின்சாரம் தரும் நேர்முனையுடன் இணைத்துவிட்டால், டிரான்சிஸ்டர் மூடிய கணத்தில் மின்னோட்டம் டையோடு வழியாக ஏறி, பொதுக்காலைக் கடந்து, நேர்முனையை அடைந்து, மீண்டும் அதே சுருளுக்குள் நுழைகிறது. ஒரு வட்டப்பாதையில் சுற்றிச்சுற்றி, சுருளின் மின்தடையில் வெப்பமாகக் கரைந்து அடங்குகிறது. வெளியீட்டின் மின்னழுத்தமோ 12 வோல்ட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரு வோல்ட் மட்டுமே உயர்கிறது. ஆயிரத்துக்கு மேல் எழவேண்டியது பதின்மூன்றில் அடங்கிவிடுகிறது!

வெள்ளம் வரும்போது கரையை உயர்த்திக்கொண்டே போவதைவிட ஒரு வடிகாலை வெட்டிவைப்பதே அறிவுடைமை. ஒன்பதாம் கால் அந்த வடிகால். அணி வைத்திருந்தும் அதனை இணைக்காமல் விடுவது, வடிகாலை வெட்டிவிட்டு அதன் வாயை அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று பிழைகள்

இக்காலைப் பற்றி மாணவர்கள் செய்யும் பிழைகள் மூன்று. இணைக்காமல் விடுவது முதற்பிழை. அதனை மேலே கண்டோம்.

இரண்டாவது, 'பொது' என்ற பெயரால் மயங்கி அதனைத் தரையில் இணைப்பது. பொதுமுனை என்றால் தரைதானே என்று எண்ணுகின்றனர். அவ்வாறு இணைத்தால் ஏழு சுருள்களிலிருந்தும் மின்னோட்டம் டையோடுகள் வழியாக நேரே தரைக்கு ஓடிவிடும். மின்சாரம் கொடுத்தவுடன், கட்டளை எதுவும் இல்லாமலே, எல்லா ரிலேக்களும் ஒருசேர இயங்கும். நிரலில் எதை மாற்றினாலும் அவை விடா.

மூன்றாவது பிழை நுட்பமானது. சுற்றில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இருக்கும்போது, ரிலேக்கள் 12 வோல்ட்டில் இயங்க, பொதுக்காலை 5 வோல்ட்டில் இணைத்துவிடுவது. அப்போது டிரான்சிஸ்டர் மூடியிருந்தாலும், 12 வோல்ட்டிலிருந்து சுருள், டையோடு வழியாக 5 வோல்ட் தடத்துக்கு மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். சுருளின் குறுக்கே ஏறத்தாழ 6 வோல்ட் எஞ்சும். ரிலேயை இழுக்க அது போதாமல் இருக்கலாம். ஆனால் இழுத்துவிட்ட ரிலேயைப் பிடித்துவைக்க அது தாராளமாகப் போதும். ஒருமுறை இயங்கிய ரிலே பின்னர் விடுபடவே விடுபடாது. நீரேற்றும் மோட்டார் நிற்காமல் ஓடித் தொட்டி வழியும். அதோடு, நுண்கட்டுப்படுத்தியின் 5 வோல்ட் தடமும் தன் அளவைக் கடந்து உயர இடமுண்டு.

ஆகவே விதி ஒன்றே: பொதுக்கால், சுருள்கள் எந்த மின்வழங்கியிலிருந்து உண்கின்றனவோ அதன் நேர்முனையையே சேர வேண்டும்.

பாதுகாப்பின் விலை

டையோடு தரும் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. மின்னோட்டம் வட்டப்பாதையில் சுற்றிக் கரைவதற்கு நேரம் பிடிக்கிறது. நாம் கொண்ட ரிலேயில் மின்தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால் 1.25 மில்லி நொடி வருகிறது. ஒவ்வொரு 1.25 மில்லி நொடியிலும் மின்னோட்டம் முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவாகக் குறையும். அதுவரை காந்தம் தன் பிடியை முழுதும் விடாது. ரிலேயின் தொடுமுனைகள் மெதுவாகப் பிரியும். மெதுவாகப் பிரியும் முனைகளுக்கிடையே பொறி நீடித்து அவற்றை அரிக்கும்.

இதனைத் தீர்க்க, பொதுக்காலுக்கும் நேர்முனைக்கும் இடையே ஒரு ஜீனர் டையோடை வைப்பர். 24 வோல்ட் ஜீனர் வைத்தால் வெளியீடு 12உம் 24உம் டையோடின் ஒரு வோல்ட்டும் சேர்ந்து ஏறக்குறைய 37 வோல்ட் வரை உயரும். அணியின் எல்லையாகிய 50ஐ எட்டாது. சுருளுக்கு எதிராக நிற்கும் மின்னழுத்தம் கூடுதலாகையால் மின்னோட்டம் பன்மடங்கு விரைவில் அடங்கிவிடும். வடிகாலின் வாயை எந்த உயரத்தில் வைப்பது என்று தீர்மானிப்பது போன்றது இது. விரைவாகச் சுழல வேண்டிய ஸ்டெப்பர் மோட்டார்களுக்கும் இம்முறை துணைபுரியும்.

வெப்பமும் இழப்பும்

டார்லிங்டன் இணையின் குறைபாடு ஒன்றையும் கூறியாக வேண்டும். முழுதும் திறந்திருக்கும்போதும் அதன் குறுக்கே ஏறக்குறைய ஒரு வோல்ட் நின்றுவிடுகிறது. 12 வோல்ட் சுமைக்கு இது பொருட்டன்று. 5 வோல்ட் ரிலேக்கோ எஞ்சுவது நான்கு வோல்ட் அளவே. மின்வழங்கி சிறிது தளர்ந்தாலும் ரிலே இழுக்கத் தயங்கும்.

அந்த இழப்பு வெப்பமாக மாறுகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் 350 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 1.2 வோல்ட் அளவு இழப்பு, ஒன்றுக்கு 0.42 வாட், ஏழும் சேர்ந்தால் ஏறக்குறைய 3 வாட். பதினாறுகால் உறை 25 பாகை செல்சியஸில் தாங்குவதோ இரண்டு வாட்டுக்கும் குறைவு. நம் ஊர்க் கோடையில், மூடிய பெட்டிக்குள், அதுவும் சுருங்கும். எனவே 'ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர்' என்பதை 'ஏழும் ஒரே நேரத்தில் 500 மில்லி ஆம்பியர்' என்று படித்துவிடக் கூடாது. இக்குறையை நீக்க, டார்லிங்டன் இணைக்குப் பதிலாக மாஸ்ஃபெட்டுகளைக் கொண்ட டி.பி.எல். 7407 போன்ற அணிகள் இப்போது வந்துள்ளன. கால்களின் வரிசை அதுவே, இழப்பு மிகக் குறைவு. அவற்றிலும் ஒன்பதாம் கால் அதே கடமையுடன் அவ்விடத்திலேயே இருக்கிறது.

முடிவுரை

ஃபாரடேயும் ஹென்றியும் கண்ட உண்மைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. டிரான்சிஸ்டர் வந்தது, தொகுப்புச் சுற்று வந்தது, நிரலால் இயங்கும் கருவிகள் மாணவர் மேசைக்கே வந்துவிட்டன. கம்பிச்சுருளின் இயல்பு மட்டும் அன்றிருந்ததுபோலவே இருக்கிறது. அதனை வெல்ல முயன்றவர்களின் சுற்று கருகியது. அதற்கு வழி விட்டவர்களின் சுற்று வாழ்கிறது.

படைப்பை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுப்பதற்கு முன் மாணவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். என் சுருள் எவ்வளவு மின்னோட்டம் கேட்கிறது? எத்தனை சுருள்கள் ஒரே நேரத்தில் இயங்கும்? நான் அதனை வெட்டும்போது அது எங்கே போகும்? முதலிரண்டு கேள்விகளை எல்லோரும் கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்டு, ஒன்பதாம் காலுக்கு ஒரு சாண் கம்பியைச் செலவிட்டவரின் கருவி கண்காட்சியின் கடைசி நாளிலும் இயங்கிக்கொண்டிருக்கும்.